நின்னுகிட்டே ஏறுன 19 கிலோ

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. வெயிட் குறைஞ்சப்ப எல்லாருக்கும் சொன்னேன், போட்டோ போட்டேன், பழைய பேன்ட்டோட ஒரே காலுக்குள்ள முழு உடம்பையும் நுழைச்சுக்கிட்டு நிக்கிற அந்த போஸ் கூட குடுத்தேன். திரும்பி ஏறுனப்ப மட்டும் வாயத் தொறக்கவே இல்ல. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, நான் மறைச்சது பூசணிக்காய் இல்ல, என்னையே.

5 வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆச்சு. அப்ப 118 கிலோ. வயித்துல முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துட்டு ஒரு வாழைப்பழம் சைஸுக்கு குழாய் மாதிரி விட்டுடுவாங்க, அதான் ஸ்லீவ். அப்படி வெட்டி எடுக்கிற பகுதியிலதான் பசி ஹார்மோன் கிரெலின் அதிகமா சுரக்குது, அதனால சாப்பாட்டோட அளவு மட்டும் இல்ல, பசியே குறைஞ்சுபோயிடும். மொத வருஷம் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. அலாரம் வெச்சு சாப்பிட்டேன், நம்புவீங்களா, 118 கிலோ இருந்த நான் சாப்பிட மறந்துபோய் அலாரம் வெச்சேன். 16 மாசத்துல 76 கிலோ. 42 கிலோ எங்க போச்சுன்னே தெரியல. நான்தான் பெரிய சாதனை பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன், உண்மையில பாதிக்கு மேல அந்த ஆபரேஷனும் ஹார்மோனும் செஞ்ச வேல, எனக்குக் கெடச்ச கைத்தட்டல்ல பாதி அதுக்குப் போயிருக்கணும்.

அப்புறம் 79 ஆச்சு. தண்ணி வெயிட்டா இருக்கும்னு நெனச்சேன். 82 ஆச்சு. மெஷின் வெச்சிருக்கிற தரை சமமா இல்லன்னு நகர்த்தி நகர்த்தி வெச்சுப் பாத்தேன். 84 காட்டுன கொஞ்ச நாள்ல மெஷின்ல பேட்டரி தீந்துபோச்சு. அந்த ஒரு பேட்டரிய மாத்த எனக்கு 14 மாசம் ஆச்சு. வீட்டுல அதே பேட்டரி டிராயர் நெறைய கெடந்துச்சு, டிவி ரிமோட்டுக்கு உடனே மாத்துவேன், கடிகாரத்துக்கு மாத்துவேன், இதுக்கு மட்டும் ஞாபகமே வராது. பாக்கலன்னா ஏறலன்னு ஒரு கணக்கு. அந்த சமயத்துலதான் ஃபாலோ-அப் போறதையும் விட்டேன். மொத தடவ ஜுரம்னு போகல, அடுத்த தடவ வேல இருக்குன்னு, அதுக்கப்புறம் காரணம் சொல்லக்கூட யாரும் கேக்கல. ரெண்டரை வருஷம் போகல. கொஞ்சம் குறைச்சுட்டு அப்புறமா போலாம்னு ஒரு பிளான் வேற வெச்சிருந்தேன், வீட்ட நல்லா கூட்டிப் பெருக்கிட்டு அப்புறமா வேலைக்கு ஆள் தேடலாம்னு சொல்ற மாதிரி.

வெக்கம்தான். வேற என்ன. டயட் இருந்து ஏறுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான்னு விட்டுடுவாங்க. வயித்தையே வெட்டிப் போட்டும் ஏறுதுன்னா? "ஆபரேஷன் பண்ணியும் இப்படியா?"ன்னு ஒரு சொந்தக்காரங்க முகத்துக்கு நேராவே கேட்டாங்க. பதில் சொல்லல. அன்னிக்கு ராத்திரி பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு காலி. பழைய குருடி கதவத் தொறடின்னு ஆயிடுச்சு.

இதுல நெசமாவே கண்ணத் தொறந்தது என் பொண்ணு. 11 வயசு. ஒரு நாள் சாயங்காலம் கிச்சன்ல நிக்கிறேன், அவ வந்து தண்ணி குடிச்சுட்டு ரொம்ப சாதாரணமா கேட்டா, "அம்மா, நீ ஏன் எப்பவுமே நின்னுகிட்டே சாப்பிடுற?"

நான் சாப்பிடவே இல்லையேடீன்னு சொல்ல வாயத் தொறந்தேன், வாய்க்குள்ள அவ மிச்சம் வெச்ச டோஸ்ட் இருந்துச்சு.

அப்பதான் ஒறச்சுது. என் கணக்குல சாப்பாடுன்னா டேபிள்ல தட்டு வெச்சு உக்காந்து சாப்பிடுறது மட்டும்தான். அது நெசமாவே கம்மிதான், யார் வந்து பாத்தாலும் "இவ்ளோதானா சாப்பிடுற, பாவம்"னு சொல்லுவாங்க, நானும் அதையே நம்பிக்கிட்டு இருந்தேன். மறுநாள் ஒரு பேப்பர் எடுத்து நின்னுகிட்டு சாப்பிடுறதையும் எழுதுனேன். பிரிட்ஜ் தொறந்து ஒரு துண்டு சீஸ். காப்பியோட ரெண்டு பிஸ்கட், அந்தக் காப்பி ஒரு நாளைக்கு நாலு தடவ, பாலும் சர்க்கரையும் போட்டு. பொண்ணு தட்டுல மிச்சம். போன்ல பேசிக்கிட்டே ஒரு கை சிப்ஸ், அப்புறம் இன்னொரு கை. படுக்கிறதுக்கு முன்னாடி ஐஸ்கிரீம் டப்பாவுல நேரா ஸ்பூன், கிண்ணத்துல போட்டா அது சாப்பாடு ஆயிடும்ல. கூட்டிப் பாத்தா உக்காந்து சாப்பிட்டது கிட்டத்தட்ட 700 கலோரி, நின்னுகிட்டு சாப்பிட்டது 1,100. எழுதுன பேப்பர மடிச்சு மடிச்சு சின்னதாக்கி பர்ஸுக்குள்ள வெச்சுக்கிட்டேன், ஏன்னு தெரியல, கிழிச்சுப் போட மனசு வரல.

இத மாதிரி கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா கொறிக்கிறதுக்கு டயட்டீஷியன்கள் கிரேசிங்னு பேர் வெச்சிருக்காங்க, மாடு மேயுற மாதிரி. பேர் வெச்ச ஆளுக்கு இரக்கமே இல்ல, ஆனா சரியான பேர்.

அதுக்கு மறுவாரம் பேட்டரி மாத்துனேன். 95.

ரெண்டு நாள் யாருகிட்டயும் சரியா பேசல. அப்புறம் போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். போற வழியெல்லாம் மனசுக்குள்ள ரிகர்சல், ஏன் இத்தன நாள் வரலன்னு கேட்டா என்ன சொல்றது, ரெண்டு மூணு பதில் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். அந்தக் கேள்வியே வரல. டாக்டர் கேட்டது வேற, புதுசா என்ன மாத்திரை எடுக்கிறீங்க, ஸ்டீராய்டு ஏதாவது எடுத்தீங்களா, தூக்கம் எப்படி, நெஞ்செரிச்சல் இருக்கா, மனசு எப்படி இருக்கு, தைராய்டு கடைசியா எப்ப பாத்தீங்க. சில டிப்ரஷன் மாத்திரை, இன்சுலின், ஸ்டீராய்டு இதெல்லாமே வெயிட் ஏத்தும்னு எனக்குத் தெரியும், ஆனா ஒரு ஆள் எதிர்ல உக்காந்து அத வரிசையா கேக்கும்போதுதான் இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விசாரணை இல்ல, உடம்பு சம்பந்தப்பட்ட விசாரணைன்னு புரிஞ்சுது. அங்கயே அழுதுட்டேன். டிஷ்யூ பாக்ஸ என் பக்கம் நகர்த்தி வெச்சுட்டு அவங்க பாட்டுக்கு டைப் பண்ணிட்டு இருந்தாங்க, அது ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.

நான் கேட்ட மொத கேள்வி எல்லாரும் கேக்கிறதுதான்: வயித்துப் பை பெருசாயிடுச்சா? வருஷம் போகப் போக ஸ்லீவ் கொஞ்சம் விரியறது உண்டுதான், ஆனா பழைய வயிறு மாதிரி ஆகிடாது. வயித்த சின்னப் பையாக்கி நேரா குடலோட இணைக்கிற பைபாஸ் ஆபரேஷன் பண்ணவங்களுக்கு சில பேருக்கு சின்னப் பைக்கும் பழைய வயித்துக்கும் நடுவுல ஓட்ட மாதிரி ஒரு வழி உண்டாகிடுறதும் இருக்கு, அதெல்லாம் எண்டோஸ்கோப்பியிலயோ மருந்து குடிக்க வெச்சு எடுக்கிற எக்ஸ்ரேயிலயோ தெரிஞ்சுடும். எனக்கும் எண்டோஸ்கோப்பி பாத்தாங்க. எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. சொன்னா சிரிப்பீங்க, எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. ஏதாவது ஒரு கோளாறு இருந்திருந்தா பழி போட ஒரு எடம் கெடச்சிருக்கும்.

பின்ன எப்படி இவ்ளோ சாப்பிட முடிஞ்சுதுன்னு கேட்டேன். டயட்டீஷியன் திருப்பிக் கேட்டாங்க, "கடைசியா கோழி எப்ப சாப்பிட்டீங்க? எத்தன வாய்ல நின்னுச்சு?" யோசிச்சுப் பாத்தா அஞ்சாறு வாய்தான், அதுக்கு மேல நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி ஆயிடும். "பிஸ்கட் எத்தன வாய்ல நிக்குது?" நிக்கவே நிக்காது. அதுதான் விஷயம். கெட்டியான சாப்பாடு, முக்கியமா புரோட்டீன், அந்தக் குழாய்ல கொஞ்ச நேரம் தங்கும், வயிறு நெறஞ்ச மாதிரி தெரியும். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், சாக்லேட் இதெல்லாம் எச்சில்லயே கரைஞ்சு வழுக்கிக்கிட்டு போயிடும், நிறுத்துறதுக்கு அங்க எதுவும் இல்ல. நான் சாப்பிட முடியாத சாப்பாட்ட விட்டுட்டு முடிஞ்ச சாப்பாடு பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்திருக்கேன், எனக்கே தெரியாம. கோழி சாப்பிட்டா வலிக்கும், பிஸ்கட் சாப்பிட்டா வலிக்காது, எது ஜெயிக்கும்? இதோட சாப்பிடும்போதே தண்ணி குடிக்கிற பழக்கமும் திரும்ப வந்துடுச்சு.

அன்னிக்கு இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டரை வருஷம் ஒளிஞ்சிருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்ச ஒரு ஆய்வு இருக்கு, எஸ்ஓஎஸ்னு சொல்லுவாங்க, ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கிட்டத்தட்ட 2,000 பேர, பண்ணிக்காத அதே அளவு ஆளுங்களோட ஒப்பிட்டு வருஷக்கணக்குல பாத்தாங்க. அதுல பைபாஸ் பண்ணவங்க மொத ஒண்ணு ரெண்டு வருஷத்துல சராசரியா 32 சதவீதம் வெயிட் குறைஞ்சிருக்காங்க, 10 வருஷம் கழிச்சுப் பாத்தா அது 25 சதவீதம். அதாவது 120 கிலோ ஆள்னு வெச்சுக்கோங்க, 38 கிலோ போய் அதுல 8 கிலோ திரும்பி வந்திருக்கு. வயித்தச் சுத்தி பேண்ட், அதாவது பட்டை, போட்டவங்களுக்கு 20 சதவீதம் குறைஞ்சு 14ல நின்னுச்சு. எங்க ஸ்லீவ் அந்தக் கணக்குல இல்ல, அது அதுக்கப்புறம் பரவலான ஆபரேஷன். ஆனா படிச்சப்ப எனக்குத் தோணுனது ஒண்ணுதான், கொஞ்சம் ஏறுறது சராசரிக்குள்ளயே இருக்குது, நான் ஒருத்தி மட்டும் ஸ்கூல்ல ஃபெயில் ஆன புள்ள இல்ல. 19 கிலோ கொஞ்சம் இல்லதான். ஆனா 118லேர்ந்து பாத்தா 95ங்கிறது இன்னும் 23 கிலோ கம்மி, அந்த 23ஐ யாருமே எண்ணல, நானும் எண்ணல.

அதோட உடம்புக்கும் ஒரு பங்கு இருக்கு. வெயிட் குறையும்போது கொழுப்பு மட்டும் போகாது, தசையும் சேர்ந்து போகும், சின்ன உடம்புக்கு செலவும் கம்மி. 118ல இருந்தப்ப சாப்பிட்டத 76ல சாப்பிட்டா ஏறத்தான் செய்யும். பசியும் முழுசா போனது போனதாவே இருக்கிறது இல்ல, ரெண்டாவது வருஷத்துல எனக்கு மெதுவா எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது. அந்த நேரத்துல நமக்குப் பழக்கம் கையில இருந்திருக்கணும், எனக்கு பசி இல்லாத வருஷத்த பழக்கம் கத்துக்கிறதுக்கு பயன்படுத்தாம போட்டோ எடுக்கிறதுக்கு பயன்படுத்திட்டேன்.

ரத்தப் பரிசோதனை தனிக் கத. பி12 அடிமட்டத்துல, இரும்புச் சத்தும் கம்மி, வைட்டமின் டி சொல்லவே வேண்டாம். ஆயுசு பூரா எடுக்க வேண்டிய மாத்திரைய ஏறுன வெயிட்டோட கோவத்துல நிறுத்திட்டேன், நானே எனக்குக் குடுத்துக்கிட்ட தண்டன மாதிரி. கால் மரமரன்னு இருந்துச்சு, முடி கொட்டுச்சு, எந்நேரமும் அசதி, அசதிக்கு சர்க்கர, இப்படி ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு. வெயிட் எவ்ளோ ஏறியிருந்தாலும் சரி, தயவுசெஞ்சு மாத்திரைய நிறுத்தாதீங்க. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒண்ணா முழுங்காதீங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மணி நேரமாவது விடணும், ஒண்ணு இன்னொண்ண உள்ள விடாது.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நான் பண்ண கூத்தையும் சொல்லிடணும். நெட்ல பவுச் ரீசெட்னு ஒண்ணு சுத்துது, அஞ்சு நாள் வெறும் தண்ணி ஆகாரத்துல ஆரம்பிச்சு படிப்படியா கெட்டி சாப்பாட்டுக்கு வந்தா பை பழையபடி சுருங்கிடும்னு. ரெண்டு தடவ பண்ணேன். ரெண்டு தடவையும் 3 கிலோ குறைஞ்சுது, ரெண்டு தடவையும் பத்து நாள்ல வட்டியோட வந்துச்சு. வயிறு என்ன பலூனா, காத்த எறக்கினா சுருங்கறதுக்கு? அதுல போறது முக்காவாசி தண்ணிதான். ஆறாவது நாள் காலையில நான் அதே கிச்சன்ல அதே எடத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன், கையில பிஸ்கட்டோட.

சரி, என்ன மாத்துனேன். பெருசா எதுவும் இல்ல. மொத வேலையா கிச்சன்ல ஒரு நாற்காலி போட்டேன். ரூல் ஒண்ணே ஒண்ணு, எது வாய்க்குப் போனாலும் உக்காந்து, தட்டுல வெச்சு. ஐஸ்கிரீம் வேணுமா, சாப்பிடு, கிண்ணத்துல போட்டு உக்காந்து சாப்பிடு. கேக்க சில்லறையா இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு பதினஞ்சு தடவ உக்காந்து எந்திரிக்கிறதுக்குள்ள பாதி தடவ வேண்டாம்னு தோணிடும். முழங்கால் வலி எனக்குப் பண்ண ஒரே உதவி அதுதான்.

சாப்பாட்டுல மொதல்ல புரோட்டீன், முட்ட, மீன், கோழி, தயிர்னு ஏதாவது ஒண்ணு, அது முடிஞ்சப்புறம் காய், அதுக்கப்புறம் எடம் இருந்தா மத்தது. ஒரு நாளைக்கு 60லேர்ந்து 80 கிராம் புரோட்டீன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க, கிட்னி பிரச்சன இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. சாப்பிட்டு அரைமணி நேரத்துக்கு தண்ணி கெடையாது. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம், இப்பவும் கை தானா கிளாஸ் பக்கம் போகும். மொத நாள் ஒழுங்கா உக்காந்து, மென்னு, தண்ணி இல்லாம ரெண்டு முட்ட சாப்பிட்டேன், ஒண்ணே முக்கால்ல வயிறு நின்னுடுச்சு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அதே ஃபீலிங். அட, நீ இங்கதான் இருக்கியான்னு கேக்கத் தோணுச்சு. போயிடுச்சுன்னு நெனச்ச ஒருத்தர பஸ் ஸ்டாண்ட்ல பாத்த மாதிரி.

நடக்கிறது ஏற்கெனவே இருந்துச்சு, அதோட வாரத்துக்கு மூணு நாள் வெயிட் தூக்குறேன், தசைக்காக. சின்ன டம்பெல்தான், பாத்தா பொம்மை மாதிரி இருக்கும். ராத்திரி ஐஸ்கிரீமுக்குப் பின்னாடி இருந்தது பசி இல்லன்னு எனக்கே தெரியும், அதுக்கு ஒரு மனநல கவுன்சிலர்கிட்ட போய்ட்டு இருக்கேன், அத இங்க விரிவா எழுதப்போறது இல்ல. சாப்பாட்ட நிறுத்துன எடத்துல வேற ஏதாவது வந்து உக்காந்துக்கிறதும் உண்டு. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம், முக்கியமா பைபாஸுக்கு அப்புறம், குடிச்சா போதை சீக்கிரமா, பலமா ஏறும், சில பேர் அந்தப் பக்கம் சறுக்கிடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படி மாட்டிக்கிட்டு வெளிய வந்தாரு, வெயிட்டப் பத்தி எல்லாரும் கேட்டாங்க, இதப் பத்தி யாருமே கேக்கலன்னு சொன்னாரு.

வெயிட் குறைக்கிற ஊசியப் பத்திக் கேப்பீங்க. லிராகுளூடைட், செமாகுளூடைட் மாதிரி மருந்துங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் ஏறுனவங்களுக்கும் குடுக்கிறாங்க, குறையவும் செய்யுது. எனக்கும் டாக்டர் சொன்னாங்க. நாற்காலிய ஒரு ஆறு மாசம் பாத்துட்டு வரேன்னு சொன்னேன். அது வீராப்பு இல்ல, அப்ப என் ரத்த ரிப்போர்ட் இருந்த லட்சணத்துல பசியே இல்லாம போனா இருக்கிற சத்தும் போயிடுமோன்னு ஒரு பயம். நாளைக்கு தேவப்பட்டா போட்டுக்குவேன். ஊசி போட்டுக்கிறவங்கள குறுக்கு வழின்னு பேசுறவங்க, நாம ஆபரேஷன் பண்ணப்பவும் அதே வார்த்தையத்தான் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? ஸ்லீவ பைபாஸா மாத்துற ரெண்டாவது ஆபரேஷனும் இருக்கு, மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் இருக்கிறவங்களுக்கு அது நல்ல வழி. ஆனா மொத ஆபரேஷன விட ரெண்டாவதுல சிக்கல் அதிகம், கோழிக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாம போனா மூணாவதும் வேண்டியிருக்கும்.

இப்ப ஏழு மாசம் ஆச்சு. 95லேர்ந்து 87. மொத தடவ ஏழு மாசத்துல 30 கிலோ போச்சு, இப்ப 8. அப்ப லிஃப்ட்ல போனேன், இப்ப படி ஏறுறேன், மூச்சு வாங்குது. நடுவுல ஒரு மாசம் முழுசா ஒரு கிராம் கூட குறையல, ஒரு வாரம் நாற்காலிய துணி காயப்போடத்தான் பயன்படுத்துனேன். 76க்குப் போவேனான்னு டயட்டீஷியன்கிட்ட கேட்டேன், அந்த நம்பர் மேல ஏன் இவ்ளோ பாசம், அதுல நீங்க எத்தன நாள் இருந்தீங்கன்னு கேட்டாங்க. எண்ணிப் பாத்தேன். மூணு வாரம்.

சனிக்கிழமை காலையில மட்டும் மெஷின்ல ஏறுறேன். போன வாரம் 87.1. இன்னிக்கு 87.4. ஏறி ஏறி மூணு தடவ பாத்தேன், தரைய மாத்தி வெச்சும் பாத்தேன். பேட்டரி நல்லாத்தான் இருக்கு.